கருமண் நாடு – 14: ஸ்வீடன்காரர்களின் ஊர், ஆனால் ஸ்வீடனின் ஊர் அல்ல

கெர்சோன் மாகாணத்தில், நீப்பர் ஆற்றின் வலக்கரையில் பெரிஸ்லாவ் என்றொரு சிறு நகரம் இருக்கிறது. அங்கிருந்து கரையோரமாகவே ஆற்றை எதிர்த்துச் சற்றுத் தொலைவு போனால் ஸ்மியீவ்கா வரும். இன்று ஒரே பெயரில் வழங்கும் இந்தக் கிராமம் ஒரு காலத்தில் அடுத்தடுத்து அமைந்த நான்கு ஊர்களாக இருந்தது. அவற்றில் மூத்தது கம்மல்ஸ்வென்ஸ்க்பி, அதாவது ‘பழைய ஸ்வீடன் ஊர்’. மற்ற மூன்றும் ஜெர்மானியர் குடியேறியவை: ஷ்லாங்கன்டார்ஃப், மியூல்ஹவுசன்டார்ஃப், குளோஸ்டர்டார்ஃப். முதல் இரண்டும் லூத்தரன் ஊர்கள், மூன்றாவது கத்தோலிக்க ஊர். சில ஆயிரம் பேருக்கு மேல் எந்தக் காலத்திலும் வாழ்ந்திராத இந்த இடத்துக்குத் தொடரில் ஒரு முழு அத்தியாயம் எதற்கு என்று கேட்கலாம். கடந்த அத்தியாயங்களில் தென் உக்ரைன் முழுவதற்கும் பொதுவாகச் சொன்ன எல்லாமே, விட்டுப்போகாமல் வரிசையாக, இந்த ஒரே ஊரின் மீது நடந்திருக்கின்றன என்பதுதான் காரணம்.

ஆனால் இந்த ஊரைப் பற்றி எழுதியவர்களில் பெரும்பாலோர் வேறு கதை சொல்லியிருக்கிறார்கள். வடக்கே கடல் நடுவில் ஒரு தீவில் வாழ்ந்த ஸ்வீடன் விவசாயிகள், ரஷ்யப் பேரரசியின் ஆணையால் புல்வெளிக்கு விரட்டப்பட்டு, நூற்றைம்பது ஆண்டுகள் தாய்மொழியையும் மதத்தையும் விடாமல் காத்து, கடைசியில் 1929இல் தாயகம் திரும்பிய உருக்கமான கதை அது. ஸ்வீடனின் பத்திரிகைகள் அதை அப்படித்தான் எழுதின. 2008இல் ஸ்வீடன் மன்னர் கார்ல் குஸ்தாவ் இந்தக் கிராமத்துக்கு வந்தபோதும், தொலைந்துபோன உறவினரைப் பார்க்க வந்தவர் என்ற தொனியே மேலோங்கியது. அந்தக் கதையில் பொய் என்று பெரிதாக எதுவும் இல்லை. ஆனால் அதை நம்பி வாசித்தால் ஊருக்கு ஏன் இப்படியெல்லாம் நேர்ந்தது என்ற கேள்விக்குப் பதில் கிடைக்காது. ஏனெனில் ஊரின் ஒவ்வொரு திருப்பத்துக்கும் காரணம் ஸ்டாக்ஹோமில் இல்லை. நீப்பர் கரையில்தான் இருக்கிறது. கம்மல்ஸ்வென்ஸ்க்பியின் வரலாறு ஸ்வீடன் வரலாற்றின் அடிக்குறிப்பு அல்ல, தென் உக்ரைன் வரலாற்றின் ஒரு பக்கம் என்பதே என் வாதம்.

தொடக்கத்திலிருந்தே பார்ப்போம். இந்த மக்கள் 1709இல் பொல்தாவாவில் தோற்ற ஸ்வீடன் மன்னர் பன்னிரண்டாம் சார்லஸின் போர்க்கைதிகளின் வாரிசுகள் என்று நினைப்பவர்கள் இன்றும் உண்டு. அது தவறு. இவர்கள் எஸ்தோனியாவின் மேற்கே, பால்டிக் கடலில் உள்ள ஹீயுமா தீவின் விவசாயிகள். ஸ்வீடிஷ் மொழியில் அந்தத் தீவுக்கு டாகோ என்று பெயர். பொல்தாவாவோடு இவர்களுக்கு இருக்கும் தொடர்பு வேறு வகையானது. பொல்தாவா சண்டை நடந்த அதே வடக்குப் பெரும்போரின் விளைவாகத்தான் தீவு ஸ்வீடனின் கையிலிருந்து ரஷ்யாவுக்குப் போனது. தீவில் இவர்கள் பண்ணையடிமைகள் அல்லர், சுதந்திர விவசாயிகள். புதிய ஆட்சியில் நிலம் பழைய பிரபுக் குடும்பத்துக்குத் திரும்பியதும், அந்தச் சுதந்திரத்தைப் பற்றிய வழக்கு பல ஆண்டுகள் நடந்தது. முடிவில் கிடைத்த தீர்ப்பு விசித்திரமானது: நீங்கள் சுதந்திரமானவர்கள்தான், ஆனால் நிலம் உங்களுடையதல்ல. பண்ணையின் உரிமையாளர் கவுண்ட் ஸ்டென்பாக்குக்கு இவர்கள் வெளியேறினால் போதும். வெளியேறி எங்கே போவது என்பதற்குத்தான் தெற்கிலிருந்து பதில் தயாராக வந்தது.

அந்தப் பதிலைப் புரிந்துகொள்ள 1775ஐ நினைவுபடுத்திக்கொள்ள வேண்டும். அந்த ஆண்டு ஜூனில் ரஷ்யப் பேரரசி கேத்தரினின் படை ஜாப்பரோஜியக் கொசாக்குகளின் ‘சிச்’ கோட்டையை அழித்ததை முன்பே பார்த்தோம். அதற்கு முந்தைய ஆண்டுதான் துருக்கியோடு போர் முடிந்து கருங்கடல் கரைக்கு வழி திறந்திருந்தது. 1778இல் கெர்சோன் நகரம் எழுந்தது. கொசாக்குகளை விரட்டியாயிற்று, நிலம் கையில் இருக்கிறது, உழுவதற்கும் வரி கட்டுவதற்கும் ஆள் வேண்டும்: தென் பிரதேசங்களை நிர்வகித்த பொட்டெம்கினின் கவலை இதுதான். தீவில் நிலமில்லாமல் நின்ற ஸ்வீடன் விவசாயிகள் அவருடைய கண்ணில் பட்டது தற்செயலாக இருக்கலாம். அவர்களுக்கு நீப்பர் கரையில் இடம் காலியாக இருந்தது தற்செயல் அல்ல. சிச் அழிக்கப்படாமல் இருந்திருந்தால், ஹீயுமாவின் வழக்கு எப்படி முடிந்திருந்தாலும் கம்மல்ஸ்வென்ஸ்க்பி என்ற ஊர் இருந்திருக்காது.

1781 ஆகஸ்ட் 20 அன்று ஏறத்தாழ ஆயிரம் பேர் தீவை விட்டுக் கிளம்பினார்கள். ரெய்கி என்ற இடத்தருகே கடைசி வழிபாடு நடத்திப் பிரிந்ததாகச் சொல்லப்படும் மேட்டில், அங்கு முதன்முறையாக வருபவர்கள் இன்றும் ஒரு சிறு சிலுவை செய்து நட்டுவிட்டுப் போகிறார்கள். நேர்க்கோட்டில் அளந்தாலே சுமார் 1,500 கிலோமீட்டர்; வண்டியும் கால்நடையுமாகப் போனவர்களுக்கு அதைவிட அதிகம். கிளம்பிய மாதத்தைக் கவனியுங்கள். ஆகஸ்ட் கடைசியில் கிளம்பினால் பாதி வழியிலேயே பனி பிடித்துக்கொள்ளும். அப்படித்தான் பிடித்தது. பொல்தாவா அருகே ரெஷெட்டிலிவ்காவில் குளிர்காலத்தைக் கழித்து, 1782 மே மாதம் பெரிஸ்லாவ் பக்கம் வந்து சேர்ந்தபோது பாதிப் பேர்தான் மிஞ்சியிருந்தார்கள். அங்கே வாக்களிக்கப்பட்ட வீடுகள் இல்லை. அடுப்புக்கும் கூரைக்கும் காட்டு மரம் வெட்டிப் பழகியவர்களுக்கு முன்னால் மரமே இல்லாத புல்வெளி கிடந்தது. அந்தப் பிரதேசத்தில் சுவர் என்றால் களிமண், எரிபொருள் என்றால் வைக்கோல் கலந்து உலர்த்திய சாணம். புது மண், புதுத் தண்ணீர், முதல் கோடை, நோய் பரவியது. 1783 மார்ச்சில் திருச்சபைப் பதிவுகளின்படி ஊரில் இருந்தவர்கள் 135 பேர். ஓடிப்போனவர்கள், பதிவில் விடுபட்டவர்கள் சிலர் இருக்கலாம். அவர்களைக் கழித்தாலும், ஆயிரம் என்பது ஒன்றரை ஆண்டில் 135 ஆனது பெரும்பாலும் சாவினால்தான்.

இங்கே வரும் முதல் மறுப்பு: இது ஸ்வீடன் மக்களுக்கு மட்டும் இழைக்கப்பட்ட தனிக் கொடுமை, ஆகவே அவர்களுடைய தனி வரலாறு என்பது. மூன்றே ஆண்டுகளுக்கு முன் நடந்ததைப் பக்கத்தில் வைத்தால் இந்த மறுப்பு நிற்பதில்லை. 1778இல் கிரிமியாவின் கிரேக்கர், ஆர்மீனியர் உள்ளிட்ட கிறிஸ்தவர்கள் சுமார் 31,000 பேரை, தளபதி சுவோரோவின் மேற்பார்வையில் ரஷ்ய நிர்வாகம் கிளப்பிக்கொண்டு போனது. கிரிமியக் கான் ஆட்சியின் வரி வருமானத்தை முறிப்பது ஒரு நோக்கம்; அசோவ் கடற்கரையை நிரப்புவது இன்னொன்று. மரியுபோல் அப்படிப் பிறந்ததுதான். அவர்களும் கோடையின் கடைசியில்தான் கிளம்பினார்கள், அவர்களும் கூரையில்லாத புல்வெளியில் குளிர்காலத்தைக் கழித்தார்கள், அவர்களிலும் ஏராளமானோர் வழியிலேயே மடிந்தார்கள். அவர்களுக்கும் சலுகைகள் எழுத்தில் இருந்தன. எழுத்தில் நிலம், வரிவிலக்கு, மத உரிமை. நடப்பில் சேறு, காய்ச்சல், கட்டப்படாத வீடு. பொட்டெம்கினின் நிர்வாகம் ஸ்வீடன்காரர்கள் என்பதற்காக யாரையும் தனியாக வதைக்கவில்லை. அதற்கு ஆள்கள் ஒரு கணக்கு, அவ்வளவுதான். கணக்கில் பாதி வழியிலேயே கழிந்துபோனால், வேறு எங்கிருந்தாவது கூட்டிக்கொண்டு வரலாம். அப்படியே வந்தார்கள்: முதலில் 1788–90 போரில் பிடிபட்ட ஸ்வீடன் கைதிகள் சிலர், பிறகு 1804 வாக்கில் ஜெர்மானியர்.

இரண்டாவது மறுப்பு கனமானது. அப்படியானால் நூற்றைம்பது ஆண்டுகள் இவர்கள் உக்ரைனியரோடு கலக்காமல், பழைய பால்டிக் ஸ்வீடிஷ் வழக்கையே வீட்டில் பேசியது எப்படி? இது பற்றுறுதி அல்லாமல் வேறென்ன? பற்றுறுதி இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் அதே நூற்றாண்டில் அதே புல்வெளியில் மென்னோனைட்டுகள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் தங்கள் தாழ்ஜெர்மனைக் காத்தார்கள், மரியுபோல் கிரேக்கர் தங்கள் பேச்சைக் காத்தார்கள், பல்கேரியர் பல்கேரிய மொழியைக் காத்தார்கள். இத்தனை இனங்களும் ஒரே நேரத்தில் பிடிவாதக்காரர்களாக இருந்ததற்கு ஒரு பொதுக் காரணம் தேட வேண்டும். அது பேரரசின் குடியேற்றச் சட்டம். ஒவ்வொரு குடியேற்றமும் தனி மதம், தனி நிலம், தனி ஊர் நிர்வாகம். மேலே குடியேறிகளுக்கென்றே தனி அலுவலகம். குடியேறியின் நிலம் ஊருக்குப் பொது. அதை வெளியாருக்கு விற்க முடியாது. வேறு மதத்தில் மணமுடிப்பது எளிதல்ல. இப்படி வேலி போட்டு வளர்த்த இடத்தில் மொழி நிலைத்தது வியப்பில்லை. பக்கத்து லூத்தரன் ஜெர்மானியரோடு மதம் ஒன்றாக இருந்ததால் அங்கே வேலி தாழ்வு. மணஉறவும் மொழிக் கலப்பும் அந்தப் பக்கம்தான் நடந்தன. நிலச் சண்டையும் அந்தப் பக்கம்தான், ஏனெனில் தமக்கு வாக்களித்த நிலத்தில் ஜெர்மானியரைக் கொண்டுவந்து வைத்ததாக ஸ்வீடன்காரர்களுக்குத் தலைமுறை தலைமுறையாக மனக்குறை. 1871இல் பேரரசு குடியேறிகளின் தனிச் சலுகைகளை நீக்கி, 1874இல் கட்டாய ராணுவச் சேவையையும் கொண்டுவந்தபோது தென் உக்ரைன் முழுவதும் ஒரு கலக்கம். மென்னோனைட்டுகள் ஆயிரக்கணக்கில் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார்கள். இந்த ஊரிலிருந்தும் பிற்பாடு சில குடும்பங்கள் கனடாவுக்குப் போயின. ஸ்வீடனுக்கு அல்ல என்பதைக் குறித்துக்கொள்ளலாம்.

ஸ்வீடனோடு நிஜமான உறவு பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில்தான் வலுப்பெற்றது. பின்லாந்திலும் ஸ்வீடனிலும் மொழியியலாளர்களும் போதகர்களும் இந்த ஊரைக் ‘கண்டுபிடித்தார்கள்’. 1880களின் தொடக்கத்தில் ஹெர்மன் வெண்டெல் ஊரின் பேச்சுமொழியை ஆராய்ந்து வெளியிட்டார். இரு நாடுகளிலும் திரட்டிய நன்கொடையைக் கொண்டு 1885இல் புனித யோவான் ஆலயம் கட்டி முடிக்கப்பட்டது. பிறகு பைபிள்கள், பள்ளிப் புத்தகங்கள், ஆசிரியர்கள். 1921–23 பஞ்சத்தில் ஸ்வீடன் செஞ்சிலுவைச் சங்கத்தின் உணவு ஊரைக் காப்பாற்றியது. ‘நாம் ஸ்வீடன்காரர்கள்’ என்று ஊர் எப்போதும் சொல்லிக்கொண்டிருக்கலாம். ‘ஸ்வீடன் நம் நாடு’ என்ற எண்ணம் பெரிதும் இந்த அரை நூற்றாண்டின் விளைச்சல் என்று எனக்குத் தோன்றுகிறது. அது செயற்கை என்று சொல்லவில்லை. தேசிய உணர்வு ஐரோப்பா எங்கும் அந்தக் காலத்தில்தான் விளைந்தது. இங்கே அதன் விதை தபாலில் வந்தது.

இனி 1929. என் வாதத்துக்கு எதிரான மிக வலுவான சாட்சி இதுவே. ஏறத்தாழ 900 பேர், கிட்டத்தட்ட ஊர் முழுவதும், போதகர் கிறிஸ்டோஃபர் ஹோவாஸ் முதலியோரின் முயற்சியால் சோவியத் அனுமதி பெற்று, ஆகஸ்ட் 1 அன்று ஸ்வீடனின் டிரெல்லபோர்க் துறைமுகத்தில் வந்திறங்கினார்கள். வரவேற்பு பிரமாதம். ஊரே இப்படி வாக்களித்த பிறகு ‘இது உக்ரைனின் ஊர்’ என்று எழுதுவது என்ன நியாயம்? ஆனால் ஏன் 1929? 1900இல் ஏன் இல்லை, 1910இல் ஏன் இல்லை? 1928இல் தென் உக்ரைனில் மழை பொய்த்து விளைச்சல் போனது. தானியக் கொள்முதல் கெடுபிடி அதே நேரத்தில் இறுகியது. மதத்தின் மீது நெருக்கடி, வசதியான விவசாயிகள் மீது ‘குலாக்’ முத்திரை. அதே ஆண்டு இலையுதிர் காலத்தில், மென்னோனைட்டுகளே பெரும்பான்மையாக ஆயிரக்கணக்கான ஜெர்மன் குடியானவர்கள் மாஸ்கோவின் புறநகர்களில் குவிந்து, வெளியேற அனுமதி கேட்டார்கள். சில ஆயிரம் பேர் தப்பினார்கள், மற்றவர்களை ரயிலேற்றித் திருப்பி அனுப்பினார்கள். கம்மல்ஸ்வென்ஸ்க்பி சில மாதம் முந்திக்கொண்டது. அதற்குக் கேட்பதற்கு ஓர் அரசும் இருந்தது. பக்கத்து உக்ரைனிய விவசாயிக்கு அப்படிக் கேட்க எந்த அரசும் இல்லை. ஆகவே 1929இன் பயணத்தைத் தாய்நாட்டின் அழைப்பு என்று மட்டும் வாசிப்பது பாதி வாசிப்பு. கூட்டுப்பண்ணைக்கு முன்னால் மூடிக்கொண்டிருந்த ஒரு கதவின் வழியாக வெளியேறியவர்கள் அவர்கள்.

அடுத்து நடந்ததை உருக்கமான கதைகள் விரைவாகத் தாண்டிப் போகும். வந்தவர்கள் எதிர்பார்த்தது ஒரே இடத்தில் நிலம், ஒரே ஊர். ஸ்வீடன் அரசு அவர்களைக் குடும்பம் குடும்பமாகப் பிரித்து, வேளாண்மை பழகட்டும் என்று வெவ்வேறு பண்ணைகளில் வைத்தது. நூற்றைம்பது ஆண்டு கோதுமை விளைவித்தவர்களுக்கு வேளாண்மை கற்பிக்கும் ஏற்பாடு! பலர் பிற்பாடு காட்லாந்துத் தீவில் நிலைத்தார்கள். இன்று அங்கே ரோமா என்ற ஊரில் அவர்களுடைய சங்கமும் அருங்காட்சியகமும் இருக்கின்றன. சிலர் கனடாவுக்குப் போனார்கள். சுமார் 250 பேர், அதாவது வந்தவர்களில் நாலில் ஒரு பங்கினர், 1930–31இல் நீப்பர் கரைக்கே திரும்பினார்கள். இவர்கள் பிரசாரத்துக்கு ஏமாந்தவர்கள் என்பது வழக்கமான விளக்கம். பிரசாரம் இருந்தது உண்மை. ஸ்வீடன் கம்யூனிஸ்ட் கட்சி முனைந்து வேலை செய்தது. ஆனால் இதே மக்கள் கெடுபிடியை நேரில் பார்த்து ஓடிவந்தவர்கள். சோவியத் ஆட்சி எப்படி இருக்கும் என்று துண்டுப்பிரசுரம் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டிய நிலையில் இல்லை. அவர்கள் ஓர் ஊரைத் தேடினார்கள். ஸ்வீடன் அவர்களுக்குக் குடியிருக்க இடம் கொடுத்தது, ஊரைக் கொடுக்கவில்லை. ஊர் என்று ஒன்று அவர்களுக்குத் தெரிந்த ஒரே இடத்தில்தான் இருந்தது.

திரும்பியவர்களைக் கொண்டு, ஸ்வீடனிலிருந்து வந்த ஒரு சில கம்யூனிஸ்டுகளின் தலைமையில் ‘சிவப்பு ஸ்வீடன் ஊர்’ உருவானது. ஸ்வீடன் கம்யூனிஸ்ட் கட்சியின் பெயரையே கூட்டுப்பண்ணைக்கு வைத்தார்கள். ஸ்வீடிஷ் மொழியில் பள்ளி, தனி தேசிய ஊர் சோவியத். தேவாலயம் மட்டும் கிடையாது. பிறகு 1932–33. முந்தைய அத்தியாயத்தில் விரிவாகப் பார்த்த பெரும் பஞ்சம் இந்த ஊரையும் விடவில்லை. மீண்டும் ஸ்வீடனுக்கே போக அனுமதி கேட்டவர்கள் எதிரிகள் ஆனார்கள், கைதுகள் நடந்தன. 1937–38இல் வெளிநாட்டுத் தொடர்பு என்ற ஒரே குற்றம் போதுமாக இருந்தது. ஊரின் ஆண்களில் பலர் சுடப்பட்டார்கள். வெளிநாட்டிலிருந்து வந்த கடிதம் 1929இல் கதவைத் திறந்தது. எட்டு ஆண்டுகளில் அதே கடிதம் மரண தண்டனைக்குச் சான்றாயிற்று. தேசிய சிறுபான்மைப் பள்ளிகளும் சோவியத்துகளும் உக்ரைன் முழுவதும் மூடப்பட்டபோது இங்கும் மூடப்பட்டன. வரலாற்றாசிரியர் ஆந்த்ரேய் கோத்லியார்ச்சுக் இந்தக் காலத்தை ஆவணக்காப்பகக் கோப்புகளைக் கொண்டு விரிவாக எழுதியிருக்கிறார். கம்மல்ஸ்வென்ஸ்க்பியை ஒரு சர்வாதிகாரப் பரிசோதனைக்கூடமாகப் பார்க்கும் அவருடைய நூலே என் பார்வைக்குப் பெரிய துணை.

1941 ஆகஸ்டில் ஜெர்மன் படை வந்தது. 1943 அக்டோபரில் பின்வாங்கியபோது ஸ்வீடன்காரர்களையும் ஜெர்மன் ஊர்க்காரர்களோடு சேர்த்து மேற்கே, போலந்து நிலப்பகுதிக்குக் கொண்டுபோனது. போர் முடிந்ததும் சிலர் ஸ்வீடனுக்குத் தப்பினார்கள். மற்றவர்களைப் பிடித்து வடக்கே கோமியின் காட்டு முகாம்களுக்கு அனுப்பியது சோவியத் அரசு. 1940களின் பிற்பாதியில் ஸ்வீடன்காரர்களால் ஊர் திரும்ப முடிந்தது. பக்கத்து ஊர் ஜெர்மானியர் தண்டனைக் குடியேறிகளாக ஆண்டுக்கணக்கில் கிடந்தார்கள். திரும்பியபோது ஊரில் வேறு ஆள்கள் இருந்தார்கள். 1951இல் சோவியத் ஒன்றியமும் போலந்தும் எல்லைப் பகுதிகளை மாற்றிக்கொண்டபோது, கார்பாத்தியன் அடிவாரத்துப் பொய்கோ மக்களை மூட்டைமுடிச்சோடு ரயிலேற்றி அனுப்பிய இடங்களில் இந்த ஊரும் ஒன்று. மலையில் வாழ்ந்தவர்கள், மரவீடு கட்டத் தெரிந்தவர்கள், மரமில்லாத வெயிலில் வந்து இறங்கினார்கள். 1782 மே மாதத்தை வாசித்த யாருக்கும் இந்தக் காட்சி புதிதல்ல. ஸ்மியீவ்காவின் இன்றைய மக்களில் பெரும்பகுதி இவர்களும் மற்ற உக்ரைனியரும்தான். யோவான் ஆலயம் இப்போது ஆர்த்தடாக்ஸ் கோயில். பழைய ஸ்வீடிஷ் வழக்கைச் சரளமாகப் பேசிய கடைசித் தலைமுறை மூதாட்டிகளிடம் மொழியியலாளர் அலெக்சாண்டர் மான்கோவ் இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் அதைப் பதிவு செய்தார்.

1950களின் நடுவில் ககோவ்கா அணை எழுந்து நீப்பர் கடல்போல் விரிந்தபோது தாழ்வான கரைப் புல்வெளியும் பழைய மீன்பிடித் துறைகளும் நீருக்கடியில் போயின. 2022 வசந்தத்துக்குள் ரஷ்யப் படை வந்துவிட்டது. நவம்பரில் வலக்கரையைவிட்டு விலகியது. அதன் பிறகு எதிர்க்கரையிலிருந்து பீரங்கி. 2023 ஜூன் 6 அன்று அணை தகர்க்கப்பட்டது. கீழே இருந்த ஊர்களை வெள்ளம் மூழ்கடித்தது. அணைக்கு மேலே இருக்கும் ஸ்மியீவ்காவுக்கு நேர்ந்தது தலைகீழ், ஊருக்கு முன்னிருந்த தண்ணீர் வடிந்து போயிற்று. இதில் எதையும் ஸ்வீடனின் வரலாற்றிலிருந்து விளக்க முடியாது.

அப்படியானால் ஸ்வீடன் தொடர்புக்கு மதிப்பே இல்லையா என்று கேட்டால், இருக்கிறது; ஆனால் அது வேறொரு இடத்தில் இருக்கிறது. வெளியே ஒரு நாடு அக்கறைப்பட்டதால் இந்த ஊரைப் பற்றிக் காகிதங்கள் குவிந்தன: திருச்சபைப் பதிவுகள், மொழியியல் குறிப்புகள், செஞ்சிலுவை அறிக்கைகள், தூதரகக் கடிதங்கள், கடைசியாக ரகசியப் போலீசின் விசாரணைக் கோப்புகள். 135 என்ற எண் நமக்குத் தெரிவது அதனால்தான். அதே புல்வெளியில் அதே காலத்தில் கொண்டுவந்து விடப்பட்டு, எண்ணப்படாமலே போன குடியானவக் கூட்டங்கள் எத்தனையோ உண்டு. அவர்களுக்கு நேர்ந்ததை ஓரளவு ஊகிக்க இந்த ஊரின் காகிதங்களே அளவுகோலாகப் பயன்படுகின்றன. ஸ்மியீவ்காவிலிருந்து வெகு தொலைவில் இல்லாத ல்வோவே என்ற ஊரை எடுத்துக்கொள்ளலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் யூத விவசாயிகளுக்காக ஏற்படுத்தப்பட்ட குடியேற்றம் அது. அதே குடியேற்றச் சட்டம், அதே வறட்சி, அதே கூட்டுப்பண்ணை, அதே 1941. ஆனால் அந்த 1941 ஆகஸ்டில் நீப்பர் கரைக்கு வந்த படை யூத ஊர்களில் செய்தது முற்றிலும் வேறு. அங்கிருந்துதான் அடுத்த அத்தியாயம்.

(தொடரும்)